கல்லுக்கைக்காரியின் ரொட்டி

1

இந்த மாதம் பனியைப் பற்றி எழுதுவதாக ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். பனி எங்கேயும் போய்விடாது. எட்மன்டனில் அது சித்திரை வரைக்கும் வாசலிலேயே கிடக்கும். பழி அப்படியில்லை, ஆறப்போட்டால் ஆறிவிடும். அதனால் சூடு இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, கன்னிவாடியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினார். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். வந்தார், போனார் என்று நான் எழுதுவதெல்லாம் பத்திரிகைக்கான மரியாதை. மனசுக்குள் என்ன சொல்லிக் கூப்பிடுவேன் என்பதை எழுதினால் ஆசிரியர் அச்சில் ஏற்ற மாட்டார்.

அவருக்கு விசா எடுத்துக் கொடுத்ததே நான்தான். என் வீட்டுக்காரருக்குப் படிவம் என்றாலே கொட்டாவி வந்துவிடும். வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், சம்பளச் சீட்டு என்று எல்லாவற்றையும் நகலெடுத்து, அழைப்புக் கடிதமும் எழுதினேன். 'வருகையின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தம்பியையும் தம்பி குடும்பத்தையும் பார்ப்பது என்று நிரப்பினேன். உண்மையான நோக்கத்தை எழுத அந்தக் கட்டம் போதாது. கடிதத்தில் முத்திரை குத்திய வக்கீலம்மா, "இவர் இங்கே இருக்கும் வரை இவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை மனதார ஏற்கிறீர்களா?" என்று கேட்டார். மனதார ஏற்கிறேன் என்று சொன்னேன். அவ்வளவு மனதார நான் எதற்கும் சம்மதித்தது கிடையாது.

என் கையால் பிசைந்த ஒரு மாவு அவர் கண்முன்னால் பொங்க வேண்டும். அதை அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவரை அழைத்த காரணம் இவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறேன்.

2

நான் திண்டுக்கல் டவுனில் பிறந்தவள். வாக்கப்பட்டது கன்னிவாடிக்கு. மலையடிவாரத்தில் தக்காளி, அவரை, மல்லிகை என்று போடுகிற குடும்பம். மாமியார் இல்லாத வீடு என்று பெண் பார்க்கும்போதே எங்கள் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. அந்த இடத்தில் மதினி இருந்தார். அவர் வாக்கப்பட்டதும் உள்ளூரிலேதான், இரண்டு தெரு தள்ளி. காலையில் அவர் வீட்டில் காப்பி, பத்து மணிக்கெல்லாம் எங்கள் வீட்டில் அதிகாரம்.

எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களில் மதினியின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நெய்க்காரப்பட்டி. அவர்கள் காலையிலேயே வருகிறார்கள், பலகாரம் நம் வீட்டுக் கைப்பக்குவமாக இருக்க வேண்டும் என்று மதினி ஒற்றைக்காலில் நின்றார். முதல்நாள் சாயங்காலம் இட்லிக்கு அரைத்தாகிவிட்டது. அரைத்த மாவில் உப்புப் போட்டுக் கரைத்து வைக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் மாவைக் கரண்டி போட்டுக் கலக்க மாட்டார்கள், கைதான் பட வேண்டும். சிலர் கை பட்டால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வரும், சிலர் கை பட்டால் அப்படியே கிடக்கும் என்பார்கள். மதினிக்கு மூடியைத் தள்ளும் கை என்று ஊருக்குள்ளேயே பெயர். ஆனால் அன்றைக்கு அவர் பெண்ணின் அம்மா, இரண்டு கையிலும் மருதாணி. "சாந்தி, நீ கரைச்சு வையி" என்று என்னிடம் சொன்னார். புதுப்பெண்ணுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தால் எவ்வளவு பெருமையாக இருக்கும்! முழங்கை வரைக்கும் விட்டுக் கரைத்தேன். மூடி வைத்துவிட்டுப் பூக்கட்டப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அண்டாவை எங்கே வைத்தார்கள் என்று பார்க்கவில்லை, அந்த வீட்டில் எதை எங்கே வைப்பது என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை.

தை மாதம். பொழுது சாய்ந்தால் மலையிலிருந்து குளிர் இறங்கிவிடும். காலையில் மூடியைத் திறந்தால் மாவு ஊற்றிய மட்டத்திலேயே கிடந்தது. வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது, வேறு வழியில்லாமல் அதையே ஊற்றி அவித்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா இலையில் விழுந்த இட்லியை விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார்.

"ஏனுங்க, இட்லி கொஞ்சம் கெட்டியா இருக்குதுங்களே" என்றார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

மதினிக்கு முகம் செத்துவிட்டது. சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அது நான் கரைச்சதில்லீங்க சம்பந்தி. தம்பி பொண்டாட்டி, டவுனுப் புள்ள, புதுசு. ஆசையா கேட்டுச்சேன்னு விட்டேன். கல்லுக்கையா இருக்கும்னு நான் கண்டேனா?"

பந்தியே சிரித்தது. நான் கேட்கவேயில்லை, அவர்தான் கரைக்கச் சொன்னார். அதை யாரிடம் சொல்வது? பின்கட்டில் பாத்திரம் தேய்க்க அனுப்பிவிட்டார்கள்.

அன்றோடு என் பெயர் மாறிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நாற்றுப் பாவ விதை எடுத்துக் கொடுக்கக் கல்லுக்கை வேண்டாம் என்றார்கள். மல்லிகைப் பதியன் போடும் நாளில், "நீ செத்த அங்கிட்டுத் தள்ளி நில்லு தாயி" என்றார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு. வரிசையில் என் முறை வந்தது, கையில் வளையலை எடுத்துவிட்டேன். மதினி எழுந்து வந்து, சிரித்த முகத்தோடு, என் விரலைப் பிரித்து அந்த வளையலை வாங்கிப் பின்னால் நின்றவளிடம் கொடுத்தார். கூடியிருந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"அக்கா வாயோட யாரு மல்லுக்கட்ட முடியும்? விட்டுத் தள்ளு" என்றார் என் வீட்டுக்காரர். தள்ளித் தள்ளித்தான் கனடா வரைக்கும் வந்து சேர்ந்தோம்.

3

இதில் கேவலம் என்னவென்றால், நானும் அதை நம்பிவிட்டேன். இங்கே வந்த பிறகும் இட்லி மாவில் கை வைக்கவில்லை. கடையில் விற்கிற மாவைத்தான் வாங்குவோம். அது புளித்திருந்தால் யாரோ ஒரு புண்ணியவதியின் கை என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் மகள் கயல் இங்கே பிறந்தவள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதுமே இட்லியை ஓரமாகத் தள்ளிவிட்டு ரொட்டி கேட்டாள். தமிழைத் தள்ளினாள், தலையில் எண்ணெயைத் தள்ளினாள், இட்லியையும் தள்ளினாள். ரொட்டியையாவது வீட்டில் செய்வோமே என்று பக்கத்து சமூகக் கூடத்தில் ரொட்டி வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. அந்த மாவுக்குக் கன்னிவாடி தெரியாது, என் பெயரும் தெரியாது.

ஈஸ்ட் போட்டும் முதல் மாவு எழும்பவில்லை. வகுப்பில் பிசைந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் எழும்ப வைத்து, மறுநாள் கொண்டுவரச் சொன்னார்கள். மற்றவர்கள் பாத்திரம் நிறையக் கொண்டுவந்தார்கள். நான் உருண்டையாகக் கொண்டுவந்தேன். சொல்லித் தருகிற அம்மாள் வயதில் மூத்தவர், பெரிய உடம்பு, மெல்லிய குரல். அவரிடம் என் ஆங்கிலத்தில், என் கை மோசம் என்று சொன்னேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்துவிட்டார். காயமில்லை, ராசியில்லை என்று விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. பிளாஸ்திரியோடு நின்றவர் மாவை ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

"இதை எங்கே வைத்தாய்?" என்று கேட்டார்.

யார் கை வைத்தது என்றுதான் எங்கள் வீட்டில் கேட்பார்கள். எங்கே வைத்தாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஜன்னலோரம் என்று சொன்னேன். "பாவம், குளிர்ந்திருக்கும்" என்றார், என்னைப் பற்றி அல்ல, மாவைப் பற்றி.

அன்றிலிருந்து வீடு முழுக்க மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இங்கே வீட்டுக்குள் இருபது டிகிரி வைத்திருப்போம். மனிதருக்கு ஸ்வெட்டர் போட்டால் போதும், மாவுக்குப் போதாது. அதற்கு இருபத்தாறு, இருபத்தேழு வேண்டும். திண்டுக்கல்லில் அடுப்படி மூலையில் சும்மா வைத்தாலே கிடைக்கிற சூடு. இங்கே அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் தலையில் வைத்தேன், அதற்குச் சூடு கொடுக்க மூன்று நாளைக்கு ஒருமுறைதான் மனம் வந்தது. வெந்நீர்க் குழாயைத் திறந்து குளியலறையில் ஆவி கட்டி வைத்தேன். வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உள்ள யாரு குளிக்கிறது?" என்றார். மாவு என்றேன். தரையில் சூடான காற்று வருகிற சல்லடைப் பக்கம் வைத்தால் மேலே தோல் காய்ந்து வெடித்தது. கயலின் பழைய குளிர்கோட்டில் சுற்றி வெந்நீர்ப் பை வைத்துக் கட்டிலில் படுக்க வைத்தேன், அது பரவாயில்லை.

கடைசியில் வழி ஒன்று கிடைத்தது. ஓவனைப் பற்றவைக்கவே கூடாது. உள்ளே இருக்கிற விளக்கை மட்டும் போட்டுக் கதவைச் சாத்தி வைக்க வேண்டும். அந்தச் சின்ன பல்பின் சூடு மெல்ல மெல்ல ஏறி, மாவுக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த இடத்தில் நிற்கும். பாத்திரத்தை ஈரத்துணியால் மூடிவிட்டால் தோலும் காயாது. முதல்முறை அப்படி வைத்துவிட்டுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தபோது மாவு துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. தரையில் உட்கார்ந்து அழுதேன். கயல் பயந்துபோய் அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

4

ஆனால் என்னைப் பழிவாங்க வைத்தது பொங்கிய மாவு அல்ல, கெட்ட மாவு.

ஒரு நாள் அவசரம். விளக்குச் சூடு ஏறும் வரை பொறுமையில்லாமல், ஓவனையே சிறிது நேரம் போட்டு அணைத்துவிடலாம் என்று பற்றவைத்தேன். அணைக்க மறந்து மாவையும் உள்ளே வைத்துவிட்டேன். நினைவு வந்து எடுத்தபோது மாவு எழும்பவே இல்லை. மேலே மாவாகவே கிடந்தது, அடியில் வெந்து பாத்திரத்தோடு பசையாக ஒட்டியிருந்தது. சூடு கொஞ்சம் குறைந்தால் மாவு தூங்கும், சூடு மிஞ்சினால் செத்துப்போகும் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். தொட்டியில் போட்டுக் கரண்டியால் அடியைச் சுரண்டினேன். சுரண்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

இதை நான் முன்பே சுரண்டியிருக்கிறேன். நிச்சயதார்த்தத்தன்று பின்கட்டில் உட்கார்ந்து அந்த அண்டாவைத் தேய்த்தவள் நான்தான். அடியில் களி போல வெந்த மாவு. சிரட்டை போட்டுத் தேய்த்தும் போகாமல் கரண்டியால் சுரண்டினேன். அண்டாவைக் கவிழ்த்தால் வெளியே அடிப்பக்கமெல்லாம் சாம்பலும் கரியும். அழுதுகொண்டே தேய்த்ததில் எதையும் யோசிக்கவில்லை. மாவு அண்டாவுக்கு அடுப்பில் என்ன வேலை? அதன் அடியில் கரி எப்படி வந்தது?

குளிருக்குப் பயந்து யாரோ அதை வெந்நீர் அடுப்பின் தணல் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் மதினி சொல்லாமல் ஒரு சொம்பு இடம் மாறாது. கையில் மருதாணி, ஆளை விட்டுத் தூக்கி வைக்கச் சொல்லியிருப்பார். மாவைக் கொன்றது தணல், கெட்ட பெயர் என் கைக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த வளையல் ஞாபகம் வந்தது. என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாரே, அது ஞாபகம் வந்தது. கையைக்கூடக் கழுவாமல் விசா படிவத்தைத் தேட உட்கார்ந்தேன்.

5

மதினி வந்தார். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும், "எளச்சுப் போய்ட்டியே சாந்தி, தம்பிக்கு ஒழுங்கா ஆக்கிப் போடுறியா?" என்றார். கண்ணில் புரை வந்து பார்வை மங்கியிருந்தாலும் இதெல்லாம் நன்றாகத் தெரிகிறது.

மறுநாளே மாவு பிசைந்து, ஓவன் விளக்கைப் போட்டு வைத்தேன். துணி தூக்கிய பதத்தில் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்தக் காட்சியை எத்தனை முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன்! அவர் குனிந்து பார்த்தார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எல்லாம் மிசினு செய்யுது. நீ என்ன செஞ்ச?" என்றார். "இதுக்கு என்ன வெஞ்சனம்?"

சுட்டுக் கொடுத்த ரொட்டியை, தொட்டுக்கொள்ள வைத்த ரசத்தில் முக்கி முக்கிச் சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை வரவில்லை. இருந்தும் அங்கேயே விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு கயல் வந்தாள்.

கயல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு அத்தையைக் கட்டிப்பிடித்தாள். அத்தைக்கும் ஆசைதான், அதில் பொய்யில்லை. அவள் உள்ளங்கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டவர், உடனே எடுத்துப் பார்த்தார்.

"ஆத்தாடி, இம்புட்டுச் சில்லுன்னு இருக்கு! அம்மா கைதான் புள்ளைக்கும் வந்திருக்கு. கல்லுக்கை."

"கல்லுக்கைன்னா என்னம்மா?" என்று கயல் என்னைக் கேட்டாள்.

அந்த வார்த்தையை நான் கடல் தாண்டிக் கொண்டுவரவில்லை. என் மகள் காதில் அது விழாமல் இத்தனை வருஷம் வைத்திருந்தேன். தமிழில் பாதி வார்த்தை அவளுக்குத் தெரியாது, தெரியாதவற்றில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும் என்றிருந்தேன். அதை மதினி பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து என் வரவேற்பறையில் இறக்கிவிட்டார். வெளியே குளிர் மைனஸ் இருபது, கை சில்லென்று இல்லாமல் எப்படி இருக்கும்? "ஒண்ணுமில்ல, அத்தை வெளையாடுறாங்க" என்றேன். அந்த நிமிஷம் முடிவு செய்தேன், என் மாவு பொங்கியதை அவர் பார்த்தது போதாது. அவர் மாவு பொங்காததையும் அவர் பார்க்க வேண்டும்.

6

"மதினி, உங்க கையால ஒரு தடவ பிசைஞ்சு குடுங்களேன். கயலு ஆசப்படுறா" என்றேன் மறுநாள். என் குரல் எனக்கே தேனாகக் கேட்டது.

சேலையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். குறை சொல்லக் கூடாது, நன்றாகப் பிசைகிறார். பூரிக்குப் பிசைந்து பழகிய கை, மாவைச் சுழற்றுகிற அழகே தனி. "கன்னிவாடில வந்து கேளு, என் கை பட்ட மாவு மூடியத் தள்ளிக்கிட்டு வரும்" என்று வேறு சொல்லிக்கொண்டே பிசைந்தார். "இந்த மாவ இங்க எங்க வைக்கணும்?"

"இதுக்குன்னு ஒரு ரூம் இருக்கு மதினி, நான் வச்சுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கார் நிறுத்துகிற கராஜில், பனிச் சறுக்குப் பலகைகளுக்குப் பின்னால், சிமெண்டுத் தரையில் வைத்தேன். அங்கே நின்றால் மூச்சு புகையாகத் தெரியும்.

மத்தியானம் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். கொழுக்கட்டை போலக் கிடந்தது. விரலால் குத்திப் பார்த்தார், குத்திய பள்ளம் அப்படியே நின்றது. "மாவு பழசோ?" என்றார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். புது மாவுதான் மதினி, பையில் போட்ட தேதியைப் பாருங்கள் என்றேன். அடுத்த நாள் அவரே மறுபடி பிசைந்தார். இந்தத் தடவை பிசைவதற்கு முன்னால் கையைக் கழுவித் திருநீறு பூசிக்கொண்டார். அதையும் கராஜில் கொண்டுபோய் வைத்தேன். அதுவும் கல்.

"என்ன மதினி, நாடு மாறுனதுல கையும் மாறிப்போச்சோ?" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கரண்டியைத் தொடவில்லை, "நீயே வை சாந்தி" என்றார். ஊரில் அவர் வீட்டில் யாருக்கும் அவரைத் தவிர யாரும் பரிமாறக் கூடாது. எனக்கு உள்ளுக்குள் கெட்டிமேளம் கொட்டியது. பாவமாக இருந்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்மேல் நல்ல எண்ணம் வரும். இல்லை, இனித்தது. அன்றைக்குப் போல நான் நிம்மதியாகத் தூங்கி வருஷக்கணக்காகிறது.

7

கயல் கராஜில் எதையோ தேடப் போனவள் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். அன்று மூன்றாவது தடவையாக மதினி பிசைந்த மாவு அது.

"அம்மா, மாவு ஏன் கராஜ்ல இருக்கு?"

நான் வாயைத் திறக்கும் முன்பே, அவள் ஓவன் விளக்கைப் போட்டு அதை உள்ளே வைத்துவிட்டாள். இந்த வீட்டில் வளர்ந்தவள், விளக்குச் சூடு அவளுக்குத் தெரியாதா? மதினிக்கு நடந்தது புரியவில்லை. சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் ஓவன் முன்னால் நின்றோம். மாவு துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"பாத்தியாடி கயலு!" மதினி கையைத் தட்டினார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "எங்கிட்டுப் போனாலும் என் கை என் கைதான்!"

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் ஜெயித்துவிடுவார். வாயைத் திறந்தால் கராஜைச் சொல்ல வேண்டும். திறந்தேன்.

"உங்க கையுமில்ல, என் கையுமில்ல மதினி. வச்ச எடம். ரெண்டு நாளா வேணும்னுதான் குளுருல வச்சேன். இப்பச் சூடு கெடச்சுச்சு, பொங்கிருச்சு. அன்னைக்கு நிச்சயத்துல நீங்க அண்டாவத் தணல்ல ஏத்தி வச்சீங்க. அடி வெந்து மாவு செத்துப்போச்சு. அந்த அடிய நான்தான் சொரண்டினேன்."

அவர் மறுப்பார், சத்தம் போடுவார், தம்பியைக் கூப்பிட்டு அழுவார் என்று எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருந்தேன். அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"தணல்ல வைக்கச் சொன்னது நானு, எனக்குத் தெரியாதா? மூடியத் தொறந்தப்பவே கருகுன வாட வந்துச்சு. அதுக்கு என்ன செய்யச் சொல்ற? சம்பந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் இருக்காக. பொண்ணோட ஆத்தாளுக்கு இட்லி அவிக்கத் தெரியலன்னு பேரு வந்தா எம்மக வாழ்க்க என்னாகும்? நீ புதுசா வந்தவ. உனக்கு என்ன கெட்டுப்போச்சு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், அந்தச் சோற்றையும் எனக்கே போட்டிருக்கிறார். அவரும் என்னைப் போல நம்பித்தான் சொன்னார் என்று இவ்வளவு காலம் ஒரு ஓரத்தில் நினைத்திருந்தேன். வளையலை வாங்கியபோதும் அவருக்குத் தெரியும். மல்லிகைப் பதியனுக்கு என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்களே, அப்போதும் தெரியும். இங்கே வந்து என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோதும் தெரியும்.

"அப்ப ஊருக்குப் போயி அதச் சொல்லுங்க" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? இம்புட்டு வயசுக்கு மேல நான் பொய்க்காரின்னு பேரெடுக்கவா? நீதான் கடல் தாண்டி வந்துட்டியே, அங்க இப்ப உன்னய யாரு பேசுறா? இப்ப எங்க வீட்டுல செல்வியத்தான் மாவுப் பக்கம் விடுறதில்ல."

செல்வி அவருடைய மருமகள், விவசாயம் பார்க்கிற மகனின் மனைவி. "ஏன், அவ கைக்கு என்ன?" என்று கேட்டேன்.

"போன பொங்கலுக்கு ஒரு தடவ மாவு எந்திரிக்கல" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கயலுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவள் தட்டுத் தடுமாறிய தமிழில் அத்தையிடம், "நீங்க அம்மாகிட்ட சாரி சொல்லணும்" என்றாள். அத்தை அவளைத் தடவிக் கொடுத்தார், சொல்லவில்லை. பிறகு கயல் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "அத்தை உனக்குப் பண்ணதத்தான் நீயும் அவங்களுக்குப் பண்ணியிருக்க. அது தெரியுதா உனக்கு?" தெரியும் என்றேன். தெரிந்துதான் செய்தேன். மூன்று நாள் பேசாமல் இருந்தாள். அவள் கோபம் நியாயம்தான், ஆனால் அவளை யாரும் வளைகாப்பு வரிசையிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னதில்லை.

"விடு, வயசானவங்க" என்றார் வீட்டுக்காரர். இந்தத் தடவை நான் விடவில்லை.

8

ஊருக்குக் கிளம்புகிற அன்று மதினி தானாகவே பேச்சை எடுத்தார். பேரனுக்குக் காது குத்து வருகிறதாம், "நீயும் வந்து மாவுல ஒரு கை வையி, எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். ஏன் கை வைக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்வீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் எதற்கு என்றார். எனக்கு அவருடைய பெரிய மனசு வேண்டாம். அந்த வாயிலிருந்து ஒரு வாக்கியம் வேண்டும், அதை அவர் தரப்போவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பெட்டியைத் தூக்கி வைத்து, கையசைத்து, வழியனுப்பி வைத்தேன்.

காரில் போகும்போது அவர் ஒன்று சொன்னார். அதற்காகத்தான் பனியை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். தம்பி பொண்டாட்டி எழுதுகிற பத்திரிகை என்று அவருக்கு அதில் பெருமை. புரை விழுந்த கண்ணால் எழுத்துத் தெரியாது. அதனால் மாதாமாதம் சாயங்காலத்தில், அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் பூக்கட்டக் கூடி உட்கார்ந்திருக்கும்போது, செல்வியை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்வாராம்.

செல்வி, உன் மாமியார் இந்நேரம் "போதும், மூடி வையி" என்று சொல்லியிருப்பார். மூடாதே. அண்டாவைத் தணலில் ஏற்றியது யார், கருகின வாடை யாருக்கு வந்தது என்கிற இடத்தை மறுபடியும் எடுத்து, பூக்கட்டுகிற எல்லாருக்கும் கேட்கும்படி வாசி. பிறகு எழுந்து உள்ளே போய் மாவில் கை வை.